வெயில் ஊரில் பீரைக் கடைசி மடக்குவரை குளிர்ச்சியாகக் கொடுப்பது எப்படி?

கேட்கப்பட்டது இதுதான்: மே மாதத்தில், சென்னையில், மொட்டை மாடியில் பதினைந்து பேர் கூடும் ஒரு மாலை விருந்து. பீரைக் கடைசிவரை குளிர்ச்சியாகக் கொடுக்க என்ன செய்ய வேண்டும், ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் போதாதா, கோப்பையில் ஐஸ் போடுவது தவறா? சிங்கப்பூரிலும் சென்னையிலுமாக ஓட்டல் மதுக்கூடங்களில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பீரைக் குளிர வைக்க எல்லோருக்கும் தெரியும். குளிர்ந்த பீர் பெட்டியிலிருந்து உதடுவரை வந்து சேர்வதற்குள் அந்தக் குளிர்ச்சியை எங்கெங்கே இழக்கிறது என்பதைத்தான் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. ஆகவே என் பதிலில் பெரும்பகுதி அந்த இழப்பைப் பற்றியதாகவே இருக்கும்.

எவ்வளவு குளிர் வேண்டும் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். நம் கடைகளில் கிடைப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை லாகர் வகை, அதாவது வெளிர் மஞ்சள் நிறத்தில் தெளிவாக இருக்கும் சாதாரண பீர். லாகர் உதட்டில் படும்போது 4 முதல் 6 டிகிரி செல்சியஸில் இருந்தால் நன்றாக இருக்கும். கோதுமை பீர் அதைவிட ஓரிரு டிகிரி கூடுதலாக இருக்கலாம். ஸ்டவுட் 10 டிகிரியை ஒட்டி இருப்பதே நல்லது. இலங்கையின் லயன் ஸ்டவுட்டைப் போன்ற கனமான கறுப்பு பீரை உறைநிலைக்குக் குளிர்வித்துக் குடித்தால், அதில் இருக்கும் காபி, கருகிய வெல்லம் போன்ற மணங்களில் ஒன்றுகூட மூக்குக்கு எட்டாது. மணம் தரும் பொருள்கள் குளிரில் அவ்வளவாக ஆவியாவதில்லை என்பது ஒரு காரணம். நாக்கில் இனிப்பையும் கசப்பையும் மூளைக்கு எடுத்துச் சொல்லும் செல்களில் இருக்கும் டிஆர்பிஎம்5 என்ற புரதம், வெப்பம் குறையக் குறைய மந்தமாகிவிடுகிறது என்பது இன்னொரு காரணம். கடைக்குப் போகிறவர் எந்தப் பெயர் வேண்டும் என்பதற்கு முன்பே "கூலிங் இருக்கா?" என்று கேட்பதன் பின்னணியும் இதுதான் என்று நினைக்கிறேன். நம் நாட்டில் அதிகம் விற்பது 8 சதவீதத்தை நெருங்கும் ஸ்ட்ராங் வகை. அதன் சாராய நெடியையும் ஒட்டும் இனிப்பையும் மறைக்கக் கடுங்குளிர் ஒரு போர்வையாகப் பயன்படுகிறது. நல்ல லாகருக்கு அந்தப் போர்வை தேவையில்லை.

குளிர்ச்சிக்கும் வாயுவுக்கும் உள்ள உறவு இதைவிட முக்கியமானது. சாதாரணக் காற்றழுத்தத்தில், 0 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 1.7 லிட்டர் கரியமில வாயுவைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் அதே நீரால் முக்கால் லிட்டரைக்கூடத் தாங்க முடியாது. லாகரிலோ லிட்டருக்கு இரண்டரை லிட்டர் அளவுக்கு வாயு அடைக்கப்பட்டிருக்கிறது. வெதுவெதுப்பான பாட்டிலைத் திறந்ததும் நுரை பொங்கி மேசையை நனைப்பதும், மீந்ததைக் குடித்தால் சப்பென்று இருப்பதும் இதனால்தான். சூடான பீர் பிடிக்கவில்லை என்று சொல்கிறவர்களில் பலருக்கு உண்மையில் பிடிக்காதது வாயு போன பீர்.

குளிர வைப்பதற்கு முன், அந்தப் பெட்டி வாங்கிய நாளிலிருந்து எங்கே இருந்தது என்று கேட்க வேண்டும். மதுத் தொழிலில் 3–30–300 என்று ஒரு தோராயக் கணக்குச் சொல்வார்கள்: 32 டிகிரியில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியை ஒட்டிய குளிரில் 300 நாள், இந்த மூன்றும் பீரை ஏறத்தாழ ஒரே அளவு பழசாக்கும். கணக்கு துல்லியமானது அல்ல, ஆனால் அது காட்டும் திசை சரியானது. தகரக் கூரைக்கடியில் ஒரு கோடையைக் கழித்த பீரை எவ்வளவு குளிர்வித்தாலும் அதில் நனைந்த அட்டைப் பெட்டியின் வாடை இருக்கத்தான் செய்யும். எனவே பாட்டிலின் மேல் அச்சிட்டிருக்கும் தயாரிப்புத் தேதியைப் பார்த்து, கிடைப்பதில் புதியதை வாங்குங்கள். விருந்துக்கு இரண்டு வாரம் முன்பே வாங்கிக் காரின் பின்பெட்டியில் வைத்திருப்பது பெரும் பிழை. ஒருமுறை குளிர்ந்த பீர் மறுபடி சூடானால் கெட்டுவிடும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. குளிர்ந்து, சூடாகி, மீண்டும் குளிர்வதால் மட்டும் பீருக்கு எதுவும் ஆவதில்லை. சூட்டில் அது கழித்த மொத்த நேரம்தான் கணக்கு.

வெளிச்சம் சூட்டைவிட வேகமாகக் கெடுக்கும். பீருக்குக் கசப்பைத் தரும் ஹாப்ஸ் பூவின் சத்துகள் வெயில் பட்டால் சிதைந்து, கந்தகம் கலந்த ஒரு பொருள் உருவாகிறது. அதன் நாற்றம் மிகச் சிறிய அளவிலேயே மூக்கை உறுத்தும். பழுப்புக் கண்ணாடி இந்தக் கதிர்களைப் பெருமளவு தடுக்கிறது, பச்சைக் கண்ணாடி அவ்வளவாகத் தடுப்பதில்லை, நிறமற்ற கண்ணாடி ஏறக்குறையத் தடுப்பதே இல்லை, டின்னுக்குள் வெளிச்சம் நுழையவே முடியாது. மாலை நாலரை மணி வெயிலில் கோப்பையில் ஊற்றி வைத்த பீர் சில நிமிடங்களிலேயே நாற ஆரம்பிக்கும் என்பதால், மொட்டை மாடியில் பந்தலோ தார்ப்பாயோ இல்லாவிட்டால் சூரியன் மறைந்த பிறகு தொடங்குவதே நல்லது.

இனி குளிர வைக்கும் வேலை. வீட்டு ஃப்ரிட்ஜ், ஏற்கெனவே குளிர்ந்ததைக் குளிராக வைத்திருப்பதற்கான கருவி. இருபது பெரிய பாட்டில்களை மதியம் அதில் அடுக்கினால் இரவு வரையில் ஒன்றும் நடக்காது, உள்ளே இருக்கும் பாலும் மாவும் கெட்டுப்போவது ஒன்றைத் தவிர. காற்றைவிட நீர் இருபது மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். அதனால் குளிர்ந்த காற்றுக்குள் வைப்பதைவிடக் குளிர்ந்த நீருக்குள் அமிழ்த்துவதே வேகமான வழி. கல்யாணச் சமையலுக்குப் பயன்படும் பெரிய அண்டா ஒன்றை வாடகைக்கு எடுங்கள். பாதிக்குமேல் ஐஸைக் கொட்டி, அதன் இடுக்குகள் நிரம்பும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, பாட்டில்களைக் கழுத்துவரை அமிழ்த்துங்கள். வெறும் ஐஸுக்குள் செருகினால் கட்டியும் கண்ணாடியும் அங்கங்கே தொட்டுக்கொள்ளுமே தவிர, நடுவே காற்றுதான் இருக்கும். தண்ணீர் ஊற்றினால் ஐஸ் சீக்கிரம் கரைந்துவிடாதா என்று தயங்குகிறவர்கள் உண்டு. கரைய வேண்டும் என்பதற்காகத்தானே ஐஸ் வாங்குகிறோம்!

எவ்வளவு ஐஸ் என்பதையும் கணக்கிட்டுவிடலாம். 33 டிகிரியில் இருக்கும் 650 மில்லி பீரையும் அதைச் சுமக்கும் அரைக் கிலோ கண்ணாடியையும் 4 டிகிரிக்கு இறக்க ஏறத்தாழ 90 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். ஒரு கிராம் ஐஸ் கரையும்போது 334 ஜூலை விழுங்குகிறது. ஆக, ஒரு பாட்டிலுக்குச் சுமார் 270 கிராம் ஐஸ். இருபது பாட்டிலுக்கு ஐந்தரைக் கிலோ. இது ஏட்டுக் கணக்கு. அண்டாவின் உலோகச் சுவர் வழியாக ஊரின் வெயில் முழுவதும் உள்ளே வரும் என்பதாலும், மூன்று மணி நேரம் குளிர் நிற்க வேண்டும் என்பதாலும், பதினைந்து கிலோ வாங்கி, அண்டாவைச் சுற்றி ஈரமில்லாத பழைய போர்வை ஒன்றைக் கட்டிவிடுங்கள். அரை மணி நேரத்தில் பாட்டில் குடிக்கும் பதத்துக்கு வரும். டின்னாக இருந்தால் கால் மணி போதும், நீருக்குள்ளேயே டின்னைக் கையால் சுழற்றிக்கொண்டே இருந்தால் சில நிமிடங்களே போதும். மீன் சந்தைகளுக்குப் பாளம் பாளமாகப் போகும் ஐஸை இதற்கு வாங்குவதில் தவறில்லை, ஆனால் அது வயிற்றுக்குப் போகக்கூடிய ஐஸ் அல்ல. பாட்டிலை எடுத்ததும் வாய்ப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டே திறக்க வேண்டும்.

ஐஸைப் பொதிந்து காப்பது சென்னைக்குப் புதிய கலை இல்லை. மெரினாவில் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கும் கட்டடம், அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து கப்பலில் வந்த ஏரி ஐஸைச் சேமிப்பதற்காக 1842-இல் கட்டப்பட்டது. ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் அந்த வட்டாரத்துக்கு இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஃபிரெடெரிக் டியூடர் என்ற வணிகர் 1833-இல் கல்கத்தாவுக்கு அனுப்பிய முதல் சரக்கு நான்கு மாதம் கடலில் கிடந்தும் பாதிக்கு மேல் கரையாமல் வந்து சேர்ந்தது. ஐஸைச் சுற்றி மரத்தூளை நிறைத்துக் காற்றோட்டத்தை அடைத்ததுதான் அந்த வித்தை. அதற்கு முன், வெள்ளைக்காரர் வீடுகளில் பானங்களைக் குளிர்விப்பதற்கென்றே ஆப்தார் என்று ஒரு வேலையாள் இருந்தார். வெடியுப்பைத் தண்ணீரில் கரைத்தால் தண்ணீர் சில்லிடும் என்பதைக் கொண்டு அவர் வேலை செய்தார். ஈரத்துணியைச் சுற்றிக் காற்றில் வைக்கும் பழைய முறை மதுரையிலோ வேலூரிலோ வறண்ட கோடையில் ஓரளவு பயன் தரும். சென்னையின் கடற்காற்றில் ஏற்கெனவே நீர் நிறைந்திருப்பதால், துணி ஈரமாகவே இருக்கும், பாட்டில் சூடாகவே இருக்கும்.

அவசரத்துக்கு அண்டாவில் கல்லுப்பைப் போடலாம். உப்பு கலந்த ஐஸ் நீர் 0 டிகிரிக்குக் கீழே இறங்கும். அதனால் குளிர்வது இன்னும் விரைவாக நடக்கும். ஆனால் 5 சதவீத பீர் மைனஸ் 2 அல்லது இரண்டரை டிகிரியில் உறையத் தொடங்கிவிடும் என்பதை நினைவில் வைத்து, பக்கத்திலேயே நின்று கவனிக்க வேண்டும். தாய்லாந்தில் இந்த ஆபத்தையே ஒரு கலையாக்கியிருக்கிறார்கள். உப்பும் ஐஸும் நிறைந்த தொட்டியில் பாட்டில்களை ஆட்டிக்கொண்டே உறைநிலைக்கும் கீழே கொண்டுபோய், உறையாமல் திரவமாகவே வைத்திருந்து, திறந்து ஊற்றும் கணத்தில் அது பனிக்கூழாக மாறும்படி செய்கிறார்கள். 'பியா வுன்' என்று பெயர். ஜெல்லி பீர் என்று பொருள். பார்க்க அழகு, சுவைக்க ஒன்றுமில்லை என்பது என் கட்சி. ஆனாலும் பாங்காக்கின் ஏப்ரல் வெயிலில் ஒரு கோப்பையை மறுக்கும் அளவுக்கு நான் கொள்கைவாதி அல்ல.

ஃப்ரீசரில் வைப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வைக்கலாம், கடிகாரத்தில் மணி அடிக்கும்படி செய்துவிட்டு. நீர் உறையும்போது 9 சதவீதம் பருமன் கூடுகிறது. உறைந்த பகுதியிலிருந்து விரட்டப்பட்ட வாயு மீதமிருக்கும் சிறிய இடத்தில் நெருக்குகிறது. கண்ணாடி இரண்டையும் ஒருசேரத் தாங்காது. மறந்துபோய் உறைந்துவிட்ட பாட்டில் உடையாமல் இருந்தால், அதைத் திறக்காமல், கையில் வைத்து ஆராயாமல், துணியால் சுற்றி ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து மெதுவாகக் கரைய விடுங்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இளைஞர் ஒருவர் அப்படிப்பட்ட பாட்டிலை வெந்நீரில் வைத்தார். கண்ணாடித் துண்டுகளை மறுநாள்வரை பொறுக்கினோம்.

அடுத்த இழப்பு கோப்பையில் நடக்கிறது, இதைத்தான் வீடுகளில் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கைப்பிடி வைத்த தடித்த கண்ணாடி மக் ஒன்று 400 கிராம் எடை இருக்கும். அது 32 டிகிரியில் மேசையில் காத்திருக்கிறது. அதில் 4 டிகிரி பீரை 330 மில்லி ஊற்றினால், முதல் மடக்குக்கு முன்பே பீர் 9 டிகிரியை நெருங்கிவிடும். அரை மணி நேரம் ஐஸில் வைத்துச் சேர்த்த குளிர்ச்சியில் ஒரு பங்கு கோப்பையைக் குளிர்விக்கவே போய்விடுகிறது. இதற்கு மருந்தாக மக்கை ஃப்ரீசரில் உறைய வைத்து வெண்பனியோடு எடுத்துவரும் பழக்கம் பல உணவகங்களில் உண்டு. எனக்கு அது உடன்பாடு இல்லை: பனித்துகள்கள் ஒவ்வொன்றும் வாயுவைக் குமிழாக வெளியேற்றும், உருகிய நீர் பீரில் கலக்கும், ஃப்ரீசரில் இருந்த மீனின் வாடை கண்ணாடியில் ஏறியிருக்கும். மெல்லிய கண்ணாடிக் கோப்பைகளை வாங்கி, இன்னொரு வாளியில் குடிநீர் ஐஸ் போட்ட தண்ணீரை வைத்து, ஊற்றுவதற்குச் சற்று முன் கோப்பையை அதில் முக்கி எடுத்து உதறிவிட்டு அப்படியே பயன்படுத்தினால் போதும். உள்ளே ஈரம் இருப்பது குறை அல்ல. நுரை அளவோடு எழ அது உதவும். எண்ணெய்ப் பிசுக்கும் சோப்பின் மிச்சமும்தான் நுரையைக் கொல்லும், ஆகையால் சாப்பாட்டுத் தட்டைத் தேய்த்த நாரால் பீர்க் கோப்பையைத் தேய்க்கக் கூடாது.

சாய்த்துப் பிடித்து ஊற்றத் தொடங்கி, பாதிக்கு மேல் நிமிர்த்தி, இரண்டு விரல் அளவு நுரை நிற்கும்படி முடியுங்கள். நுரை இருந்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்கும் வாடிக்கையாளர்களோடு வாதாடியே எனக்கு முடி நரைத்தது. அந்த நுரை கோப்பைக்கு மூடி: உள்ளே இருக்கும் வாயுவை வெளியே விடாமலும், வெளியே இருக்கும் வெக்கையை நேராக உள்ளே விடாமலும் காக்கிறது.

இப்போது மிகப் பெரிய திருடனுக்கு வருகிறேன். விளம்பரங்களில் பாட்டிலின் மேல் முத்து முத்தாக நீர் வழிவதைக் குளிர்ச்சியின் அடையாளமாகக் காட்டுவார்கள். உண்மையில் குளிர்ச்சி பறிபோவதன் அடையாளம் அது. காற்றில் இருக்கும் நீராவி நீராக மாறும்போது தன்னிடமிருந்த மறைவெப்பத்தை அது படியும் பரப்பில் விட்டுவிடுகிறது. ஒரு 330 மில்லி டின்னின் மேல் பத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு, அதாவது ஒரு தலைமுடி அளவுக்கு, நீர்ப்படலம் படிந்தாலே உள்ளே இருக்கும் பீர் ஏறத்தாழ 5 டிகிரி சூடாகிவிடும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேல் டரன், டார்கன் ஃப்ரியர்சன் என்ற இரண்டு வளிமண்டல அறிவியலாளர்கள் இதைச் சோதித்து 2013-இல் எழுதினார்கள். புழுக்கமான நாளில் இந்த வியர்வையால் ஏறும் சூடு, காற்றிலிருந்து நேரடியாக ஏறும் சூட்டையே மிஞ்சக்கூடும் என்று காட்டினார்கள். ஆகவே ஒரே வெப்பநிலை உள்ள இரண்டு ஊர்களில், ஜெய்ப்பூரைவிடச் சென்னையில் பீர் வேகமாகச் சூடாகும். ஆஸ்திரேலியர்கள் பாட்டிலுக்கு ரப்பர் நுரையால் ஓர் உறை மாட்டுகிறார்கள், பிரேசிலில் 600 மில்லி பாட்டிலுக்கென்றே தடித்த உறைகள் மேசைக்கு வருகின்றன. இவை கைச்சூட்டைத் தடுப்பதைவிட, நீராவி பாட்டிலை எட்டாமல் தடுப்பதால்தான் பெரும் பயன் தருகின்றன. உறை கிடைக்காவிட்டால் தெர்மோகோல் பெட்டி ஒன்றை மேசைக்குப் பக்கத்தில் வைத்து, திறந்த பாட்டிலை ஊற்றியதும் அதற்குள் திருப்பி வையுங்கள்.

உறையைவிடவும் சிறந்த உபாயம் சிறிய கோப்பை. பிரேசிலின் தெருக்கடைகளில் பெரிய பாட்டிலை நாலு பேர் பகிர்ந்துகொண்டு, 190 மில்லி பிடிக்கும் சின்னக் கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் குடிக்கிறார்கள். நாடிர் ஃபிகெய்ரெடோ நிறுவனம் 1947-இல் வெளியிட்ட அந்த டம்ளர் வடிவத்தில் நம் டீக்கடைக் கண்ணாடி டம்ளருக்குத் தம்பி போலவே இருக்கும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் வழக்கமான அளவுகளில் ஒன்று 285 மில்லி. ஊற்றியது சூடாவதற்குள் குடித்து முடிந்துவிட வேண்டும் என்பதே இதன் நியாயம். அரை லிட்டர் மக்கில் பெருமையாக ஊற்றிக்கொண்டு அரை மணி நேரம் பேசுகிறவர், அடியில் கிடக்கும் கடைசிக் கால்வாசியை ரசித்து நான் பார்த்ததில்லை. நம் பெரிய பாட்டில் மூன்று பேர் பகிர்ந்துகொள்ளத்தான் பொருத்தமான அளவு. ஆளுக்கொன்று என்று வைத்துக்கொண்டால் பாதி வெந்நீராகத்தான் போகும்.

கோப்பையில் ஐஸ் போடலாமா? தாய்லாந்திலும் வியட்நாமிலும் போடுகிறார்கள், சிங்கப்பூர் உணவங்காடிகளில் பீர் விற்கும் அக்காமார்கள் கேட்காமலே ஒரு வாளி ஐஸ் கொண்டுவந்து வைப்பார்கள். இதை நாகரிகம் தெரியாத பழக்கம் என்று சிரிப்பவர்களோடு நான் சேரமாட்டேன், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. 30 டிகிரியில் இருக்கும் 300 மில்லி பீரை ஐஸ் போட்டே 4 டிகிரிக்குக் கொண்டுவர 90 மில்லிக்கு மேல் தண்ணீர் கலந்துவிடும்; 5 சதவீதம் 3.8 ஆகும், வாயுவில் பெரும்பகுதி ஐஸ் விழுந்த கணத்திலேயே நுரையாகப் போய்விடும். முன்பே நன்றாகக் குளிர்ந்த பீரில், தூள் ஐஸ் அல்லாமல் பெரிய கட்டியாக ஒன்றைப் போட்டால் அது மெதுவாகக் கரைந்து குளிரைக் காக்கும், அவ்வளவே. எட்டு சதவீத ஸ்ட்ராங் பீருக்கு அப்படிக் கொஞ்சம் நீர் சேர்வது நன்மை என்றுகூடச் சொல்வேன்.

இதே வரிசையில் ஒரு கட்டுக்கதையையும் தீர்த்துவிடுகிறேன். பாட்டிலைத் திறந்து தண்ணீர் உள்ள டம்ளரில் தலைகீழாகச் செருகினால் பீரில் கலந்திருக்கும் கிளிசரின் இறங்கிவிடும் என்று சிலர் செய்து காட்டுவார்கள்; இழை இழையாக ஏதோ கீழே இறங்குவதும் கண்ணுக்குத் தெரியும். இறங்குவது பீர்தான். புளிக்காமல் மீந்து கரைந்திருக்கும் சர்க்கரை வகைச் சத்துகளால் பீர் தண்ணீரைவிடச் சற்றுக் கனமானது, ஆகவே அது கீழே வழிகிறது, அந்த இடத்துக்குத் தண்ணீர் மேலே ஏறுகிறது. முடிவில் உங்கள் கையில் இருப்பது, காசு கொடுத்து வாங்கி, தண்ணீர் கலந்து, சூடாக்கிய பீர்.

குடிப்பவர்களைப் பற்றிக் கொஞ்சம். உடலில் நீரைத் தக்கவைக்கும் சுரப்பை மது அடக்குகிறது, வியர்வையோ நிற்காமல் போகிறது; ஆகவே பீரைத் தாகத்துக்குத் தண்ணீராக எண்ணக் கூடாது. ஒவ்வொருவர் முன்னாலும் மோரோ தண்ணீரோ இருக்கட்டும், முதல் தாகத்தை அதில் தீர்த்துக்கொண்டவர்தான் பீரை ருசித்துக் குடிப்பார். தமிழ்நாட்டில் 21 வயது நிறையாதவர்களுக்கு ஊற்றக் கூடாது. 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம் என்பதே வாகனம் ஓட்டுவதற்கான வரம்பு, ஒரு பெரிய பாட்டில் ஸ்ட்ராங் பீர் அதை எளிதில் தாண்டிவிடும். எனவே வண்டிச் சாவிகளைக் குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்திலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.

பாட்டில்களை ஒரே நேரத்தில் அண்டாவில் போட வேண்டாம். முதல் சுற்றுக்கு எட்டு, அவற்றை எடுக்க எடுக்க மற்றவை. மீந்துபோனவற்றைத் துடைத்து, மறுநாள் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. தண்ணீரில் ஊறிய லேபிள்கள் மட்டும் உரிந்து அண்டாவில் மிதக்கும். எது ஸ்ட்ராங், எது லைட் என்று பிறகு குழம்பாமல் இருக்க, மூடிகளில் முன்பே அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.